ஊர் தன் பிழைக்கு நட்ட கல்

மாண்டவர்க்குக் கல் நட்டு, அக்கல்லில் அவர்தம் பெயரையும் செயலையும் பொறித்துப் போற்றுதல் தமிழர்தம் தொன்மையான வழக்கங்களுள் ஒன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என அவ்வழக்கத்தை ஆறு நிலைகளாக வகுத்துரைக்கின்றது தொல்காப்பியம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பெற்ற நடுகற்கள், தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் தாங்கி நிற்பவை. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரமோ நடுகற்களின் களஞ்சியம் எனத் தகும். அங்கே எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல்லொன்று, வீழ்ந்த வீரனோடு அவனுடைய நாயையும் காட்டுகின்றது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் அக்கல் மறவாது கூறுகின்றது. ஒரு நாயின் பெயரைக்கூட ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வைத்த மரபு நம்முடையது.

ஆயினும் இக்கற்கள் யாவும் ஊருக்காக மாண்டவர்க்கு ஊர் எடுத்த கற்கள். ஆநிரை மீட்டவன், புலியோடு பொருதவன், கள்வரை மறித்தவன் ஆகியோர்க்கு ஊரார் நன்றியுடன் நட்டவை. நன்றி சொல்வது ஊருக்கு எளிது. ஆனால், ஊரே கூடி ஒருவனைக் கொன்றுவிட்டால், அவனுக்குக் கல் நடுவார் யார்? கொன்றவர்களின் பேரப்பிள்ளைகள் தம் தெருவிலேயே, தம் கண்ணெதிரிலேயே, கொல்லப்பட்டவரின் பெயரை எழுதி வைப்பார்களா? வைத்த நகரம் ஒன்று உண்டு. அதன் வரலாறு, பிறந்த ஊரை விட்டுப் பிழைப்புக்காக வேற்றூர் புகுந்து வாழும் நம்மனோர் அனைவரும் அறியத்தக்கது.

கும்பலின் நீதி

சட்டத்தின் தீர்ப்புக்குக் காத்திராமல், கும்பல் தானே வழக்கும் தீர்ப்பும் தண்டனையுமாக மாறி ஒருவரைக் கொல்லுதலை ஆங்கிலத்தில் ‘லிஞ்சிங்’ என்பர். அமெரிக்க நாட்டில் அடிமை முறை ஒழிந்த பின்னர், கறுப்பின மக்களை அச்சத்தில் அடக்கி வைக்கும் கருவியாக இக்கொடுமை வளர்ந்தது. 1877 முதல் 1950 வரை இவ்வாறு கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் 4,400க்கும் மேற்பட்டோர் எனக் கணக்கெடுத்துள்ளது, அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரைச் சேர்ந்த ஈக்குவல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்னும் அமைப்பு. இவற்றுள் பெரும்பாலானவை தென் மாநிலங்களில் நிகழ்ந்தவை. வெறும் கொலையாக மட்டும் இவை நிகழவில்லை என்பதை நாம் கருதல் வேண்டும். மக்கள் திருவிழாக் காண்பதுபோல் கூடி நின்றனர், நிழற்படம் எடுத்தனர், அப்படங்களை அஞ்சல் அட்டைகளாக அச்சிட்டு விற்றனர்.

தெற்கே நிகழ்வது வடக்கே நிகழாது என்ற பெருமிதம் வட மாநிலத்தார்க்கு இருந்தது. அப்பெருமிதம் பொய்த்த இடம் துலூத்.

1920 ஜூன் 15

மின்னசோட்டா மாநிலத்தில் சுப்பீரியர் என்னும் பேரேரியின் கரையில் அமைந்த துறைமுக நகரம் துலூத். இரும்புத் தாதும் தானியமும் கப்பலேறும் ஊர். 1920இல் அதன் மக்கள் தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். அவர்களுள் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 500 பேரே.

அவ்வாண்டு ஜூன் 14ஆம் நாள் ஜான் ராபின்சன் சர்க்கஸ் ஒருநாள் காட்சிக்காக அந்நகருக்கு வந்தது. கூடாரம் அடித்தல், பிரித்தல், விலங்குகளைப் பேணுதல் முதலிய கடும் பணிகளைச் செய்தோருள் கறுப்பின இளைஞர் பலர் இருந்தனர். அன்றிரவு சர்க்கஸ் திடலில் தங்களைத் துப்பாக்கி முனையில் நிறுத்தி, அப்பெண்ணைக் கறுப்பினத் தொழிலாளர் சிலர் கெடுத்தனர் என்று ஓர் இளம்பெண்ணின் பெயரிலும் அவளுடன் இருந்த இளைஞனின் பெயரிலும் புகார் எழுந்தது. பின்னர் அப்பெண்ணைச் சோதித்த மருத்துவர், அவ்வாறு நேர்ந்தமைக்கான அடையாளம் எதையும் காணவில்லை. அதற்குள் காவலர் சர்க்கஸ் ரயிலை நிறுத்தி, தொழிலாளரை வரிசையில் நிற்க வைத்து, அறுவரைப் பிடித்து நகரச் சிறையில் அடைத்துவிட்டனர்.

மறுநாள் மாலைக்குள் செய்தி ஊரெங்கும் பரவிற்று. அப்பெண் இறந்தே போனாள் என்ற பொய்யும் அதனோடு சேர்ந்து பரவிற்று. இரவு சிறையின் முன் 5,000 முதல் 10,000 பேர் வரை திரண்டனர். துப்பாக்கியைப் பயன்படுத்தலாகாது என்று காவலர்க்கு மேலிடத்து ஆணை. தண்ணீர்க் குழாய்களைக் கொண்டு கூட்டத்தைக் கலைக்க முயன்றனர். கூட்டமோ அக்குழாய்களையே பறித்துத் திருப்பிற்று. சிறைக் கதவுகள் உடைந்தன. உள்ளேயே ஒரு போலி விசாரணை நடத்தி, எலையஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்சன், ஐசக் மக்கீ என்னும் மூவரை இழுத்து வந்து, அடுத்த தெரு முனையில் இருந்த விளக்குக் கம்பத்தில் தூக்கிலிட்டனர். மூவரும் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் அக்கம்பத்திலேயே சற்று உயர ஏறி நின்று, வேண்டாம் என்று மன்றாடினார். அவர் குரல் எடுபடவில்லை. மறுநாள் காலை தேசியக் காவற்படையினர் வந்து சேர்ந்தனர். அதற்குள் பிணங்களோடு கூட்டத்தார் நின்று எடுத்துக்கொண்ட நிழற்படம் அஞ்சல் அட்டையாக விலைக்கு வந்தது.

கொலைக் குற்றத்துக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. கலகம் செய்தமைக்காக மூவர் சிறை சென்றனர். அவர்களுள் எவரும் 15 மாதம்கூட உள்ளிருக்கவில்லை. மாறாக, அதே புகாரின்பேரில் மேக்ஸ் மேசன் என்னும் சர்க்கஸ் தொழிலாளிக்கு 7 முதல் 30 ஆண்டு வரையிலான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நான்காண்டு கழித்து, 1925இல், மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையின்பேரில் அவரை விடுவித்தனர்.

இவ்விருளிலும் ஒரு விளக்கு ஏற்றப்பட்டது. செயின்ட் பால் நகரைச் சேர்ந்த நெல்லி பிரான்சிஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியின் முன்முயற்சியால், 1921 ஏப்ரலில் கும்பல் கொலைக்கு எதிரான சட்டமொன்றை மின்னசோட்டா இயற்றிற்று. கைதியைக் காக்கத் தவறும் காவல் அதிகாரியைப் பதவி நீக்கலாம் என்றும், கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு 7,500 டாலர் வரை இழப்பீடு வழங்கலாம் என்றும் அச்சட்டம் கூறிற்று. சட்டம் வந்தது, ஆனால் நினைவு வரவில்லை.

மௌனமும் ஏடுகளும்

அடுத்து வந்த தலைமுறைகளில் துலூத் நகரம் இதைப் பற்றிப் பேசுவதை விட்டொழித்தது. பள்ளிகளில் இது பாடமாகவில்லை. பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. பத்தாயிரம் பேர் வரை நேரில் கண்ட நிகழ்ச்சி, ஒருவரும் அறியாத நிகழ்ச்சிபோல் ஆகிவிட்டது. மூவர் உடலும் அந்நகரின் பார்க் ஹில் கல்லறைத் தோட்டத்தில் பெயரில்லாக் குழிகளில் கிடந்தன.

ஆனால், ஊரின் வாய் மறைத்ததை ஊரின் ஏடுகள் மறைக்கவில்லை. கோப்புகளிடையே வாழ்நாளைக் கழிக்கும் எம்போன்ற அலுவலக ஊழியர்க்கு இவ்வரலாற்றில் தனியே மனம் படியும் இடம் இதுதான். நீதிமன்றத்து எழுத்தர் வழக்கைப் பதிந்தார். சிறைச்சாலை எழுத்தர் கைதி வந்த நாளையும் போன நாளையும் குறித்தார். செய்தித்தாள் தன் செய்தியை அச்சிட்டது. அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்தனரேயன்றி வரலாறு எழுதுவதாக நினைத்திருக்க மாட்டார்கள். அத்தாள்களே பிற்காலத்தில் சாட்சியாக எழுந்தன. மின்னசோட்டா வரலாற்றுக் கழகம் அவற்றுள் பலவற்றைத் தொகுத்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துள்ளது.

துலூத்திலேயே பிறந்து வளர்ந்த மைக்கேல் ஃபெடோ என்னும் எழுத்தாளர், செய்தித்தாள்களையும் ஆவணங்களையும் ஆராய்ந்து, எஞ்சியிருந்த முதியவர்களைத் தேடிக் கேட்டு, 1979இல் ஒரு நூல் வெளியிட்டார். அது அப்போது பெரிதாக வரவேற்கப்படவில்லை. 2000ஆம் ஆண்டில் வரலாற்றுக் கழகத்தின் பதிப்பகம் அதனை மீண்டும் வெளியிட்டது. இதற்கிடையே, 1991இல், மூவர் கல்லறைக்கும் பெயர் பொறித்த கற்கள் வைக்கப்பட்டன. எடுத்தனூர் நாய்க்குப் பெயர் இருந்தது. இம்மூவர் குழிகளுக்கோ 71 ஆண்டுகள் பெயர் இல்லை என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கின்றது.

கல் எழுந்த வகை

கல்லறைத் தோட்டத்தில் பெயர் எழுதுவது ஒன்று. நகரின் நடுத்தெருவில் எழுதுவது மற்றொன்று. கல்லறைக்கு விரும்பியவர் செல்வர். தெருமுனையையோ விரும்பாதவரும் கடந்தாக வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்ந்த நகர மக்கள், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து, 2000ஆம் ஆண்டை ஒட்டி ஒரு குழு அமைத்தனர், நிதி திரட்டினர், பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் பேசினர். கொலை நடந்த அதே சந்திப்பில், எதிர் மூலையில், நினைவிடம் அமைந்தது. 2003 அக்டோபர் 10ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அது திறந்து வைக்கப்பட்டது. கொலை நடந்து 83 ஆண்டுகள் கழிந்திருந்தன.

கார்லா ஸ்டெட்சன் என்னும் சிற்பி வடித்த மூன்று வெண்கல உருவங்கள் அச்சுவரில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏழடி உயரம். அவை எவ்வாறு நிற்கின்றன என்பதே கருதத்தக்கது. அஞ்சல் அட்டை அம்மூவரையும் கழுத்தில் கயிற்றோடு, ஆடை குலைந்த பிணங்களாகவே உலகுக்குக் காட்டியிருந்தது. நினைவிடமோ கால் ஊன்றி நிற்கும் இளைஞர்களாக அவர்களைக் காட்டுகின்றது. கும்பல் பறித்த உயிரைக் கல் திருப்பித் தரமாட்டாது. கும்பல் பறித்த மானத்தைத் திருப்பித் தரக்கூடும் என்பதை அச்சிற்பி உணர்ந்து செய்திருக்கிறார்.

திறப்பு விழாவில் பேசியவர்களுள் ஒருவர், கும்பலில் முன்னின்றமைக்காகத் தண்டனை பெற்ற மூவருள் ஒருவரின் கொள்ளுப்பேரர். தம் குலமுறையை ஆராயப் புகுந்த அவர், எதிர்பாராத வகையில் முன்னோரின் செயலை அறிந்தவர். விழாவுக்கு வந்து, மக்கள் முன் நின்று, தம் குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அவர் செய்த குற்றம் ஏதுமில்லை. ஆயினும் முன்னோர் விட்டுச்சென்ற வீட்டையும் நிலத்தையும் ஏற்கும் வழித்தோன்றல், முன்னோர் விட்டுச்சென்ற கடனையும் ஏற்றல் முறையன்றோ? நம் ஊர்களில் தந்தை பட்ட கடனை மகன் தீர்ப்பதை மானம் என்கிறோம். அம்மானத்தின் மற்றொரு வடிவமே இது.

பழைய புண்ணைக் கிளறுவானேன் என்று கேட்பவர் எல்லா ஊரிலும் உண்டு. அவர்க்கு விடை மேக்ஸ் மேசனின் வழக்கு. நினைவிடம் எழுந்தமையால் மக்கள் அவ்வழக்கைப் படித்தனர். படித்ததால், அத்தண்டனை எத்துணை வலுவற்ற சான்றின்மேல் நின்றது என்பதைக் கண்டனர். கொலை நடந்து சரியாக நூறாண்டு நிறைவதற்கு மூன்று நாள் முன்னர், 2020 ஜூன் 12ஆம் நாள், மின்னசோட்டா மன்னிப்பு வாரியம் இறந்துபோன மேசனுக்கு மன்னிப்பு வழங்கிற்று. இறந்தவர் ஒருவர்க்கு அம்மாநிலம் மன்னிப்பு வழங்கியது அதுவே முதன்முறை. அன்று புகார் கூறிய பெண்ணின் உறவுவழியில் வந்த ஒருவரே அப்போது துலூத்தின் காவல்துறைத் தலைவர். அவரும் அம்மன்னிப்புக்கு ஆதரவாக நின்றார். மூடி வைத்த புண் ஆறுவதில்லை, உள்ளே புரையோடும். திறந்து கழுவிய புண்ணே ஆறும்.

மாண்ட்கோமரியின் எஃகுத் தூண்கள்

துலூத் மூவரை நினைத்தது. நாடு முழுவதற்கும் ஒரு நினைவிடம் 2018 ஏப்ரல் 26ஆம் நாள் மாண்ட்கோமரியில் திறக்கப்பட்டது. வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் நிறுவிய, முன்னே நாம் குறித்த அமைப்பே இதனை எழுப்பியது. எண்ணூறுக்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள். கும்பல் கொலை நடந்த ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒவ்வொரு தூண். ஒவ்வொன்றிலும் அம்மாவட்டத்தில் மாண்டவர் பெயர். பெயர் அறியப்படாதவரையும் அவ்வாறே குறித்து வைத்துள்ளனர். நுழையும்போது தூண்கள் நம் கண்மட்டத்தில் நிற்கும். நடக்க நடக்கத் தரை தாழ்ந்து செல்ல, தூண்கள் தலைக்கு மேலே தொங்குவனவாகும்.

வெளியே அத்தூண்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி, கிடைமட்டமாக வைக்கப்பட்டுள்ளது. அந்தந்த மாவட்டத்தார் உண்மையை ஏற்று, அதனைத் தம் ஊருக்குக் கொண்டுபோய் நட வேண்டும் என்பது அமைத்தோர் நோக்கம். எடுத்துச் செல்லப்படாத தூண், அவ்வூர் இன்னும் வாய் திறக்கவில்லை என்பதை வருவோர்க்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும். கல்லைக் கண்டு தேர்ந்து, கொண்டுவந்து, நடும்வரை நம் முன்னோர் வகுத்த நிலைகளை எண்ணுவோர்க்கு இவ்வேற்பாட்டின் பொருள் எளிதில் விளங்கும். கல்லைப் பிறர் செதுக்கித் தரலாம். நடுவதை ஊரார்தாம் செய்தல் வேண்டும்.

கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் 2022 மார்ச் 29ஆம் நாள்தான் கையெழுத்தாயிற்று. நூறாண்டுக்கும் மேலாக அந்நாட்டுப் பேரவைகளில் முயன்று முயன்று தோற்ற சட்டம் அது.

நம் நாட்டில்

இக்கதையைப் பிறர் நாட்டுக் கதையென்று ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. 2018ஆம் ஆண்டில் பிள்ளை பிடிப்பவர் வந்துள்ளனர் என்ற பொய்ச்செய்தி கைபேசி வழியே நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு உறவினரோடு சென்ற மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைப் பிள்ளை பிடிக்கும் செயல் எனக் கருதிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. நிகழ்ந்த இடம் திருவண்ணாமலை மாவட்டம். நாயின் பெயரையும் கல்லில் காத்த அதே மண். ஜூலை முதல் நாள் மகாராஷ்டிரத்துத் துளே மாவட்டம் ரெயின்பாடா சிற்றூரில், பிச்சையேற்று வாழும் நாடோடி வகுப்பினர் ஐவர் அவ்வாறே கொல்லப்பட்டனர். 1920இல் துலூத்தில் பரவிய பொய்க்கும் இப்பொய்க்கும் வேகத்தில் வேற்றுமை உண்டு, தன்மையில் இல்லை. இரண்டிலும் மாண்டவர் வேற்றூரார். அவருக்காக அங்கே பேச ஒருவரும் இல்லை.

அவ்வாண்டு ஜூலை 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத பொறுப்பு அதிகாரியை அமர்த்தவும், மாண்டவர் குடும்பத்துக்கு இழப்பீட்டுத் திட்டம் வகுக்கவும், கடமை தவறும் அதிகாரிகள்மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டது. 1921இல் மின்னசோட்டா சட்டம் சொன்னவற்றின் எதிரொலியை இதில் கேட்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு, ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி, இனம், சாதி, பால், பிறந்த இடம், மொழி, நம்பிக்கை முதலிய காரணம் பற்றி ஒருவரைக் கொல்வதைத் தனியே குறித்து, ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ விதிக்கின்றது. ‘பிறந்த இடம்’, ‘மொழி’ என்ற இரு சொற்களை நம்போன்றோர் சற்று நின்று படித்தல் வேண்டும். 1991 டிசம்பரில் காவிரிப் பூசலின்போது கர்நாடகத்தில் தமிழர் பட்ட துயரை மறந்தவர் நம்முள் இலர். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்ற பொய்க் காட்சிகள் பரவியபோது, அஞ்சி ஊர் திரும்ப ரயிலேறியவர்களின் நெஞ்சத் துடிப்பையும் நாமே நன்கு உணர்வோம். வேற்றூரான் என்ற நிலை ஓரினத்துக்கு மட்டும் உரியதன்று. ரயில் மாறி ஏறினால் எவருக்கும் வரும்.

நம் நாட்டில் நினைவுக் கற்கள் இல்லாமலில்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட கூலித்தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர்க்கு அங்கே நினைவிடம் உண்டு. ஆண்டுதோறும் மக்கள் கூடுகின்றனர். அது மாண்டவரின் தோழர்கள் எழுப்பியது, போற்றத்தக்கது. துலூத் காட்டும் வழி அதற்கும் அடுத்த படி. இழந்தவரின் பக்கத்தார் மட்டுமன்றி, இழைத்தவரின் ஊராரும் கல் சுமக்க வருதல் அது.

முடிவுரை

கல் நடுதல் மாண்டவர்க்குச் செய்யும் சிறப்பு என்றே நாம் கருதி வந்துள்ளோம். துலூத்தும் மாண்ட்கோமரியும் கற்பிப்பது, அது வாழ்வோர்க்கு இடும் வேலியும் ஆகும் என்பது. இத்தெருவில் இது நடந்தது, நடத்தியவர் நம்மவர், மாண்டவர் பெயர் இது என்று ஒரு நகரம் தன் சுவரில் தானே எழுதி வைக்குமாயின், அந்நகருக்குப் புதிதாய் வந்து இறங்கும் ஏழைத் தொழிலாளி சற்று அச்சமின்றி நடக்கலாம். அடுத்த பொய்ச்செய்தி பரவும் இரவில், கூட்டத்தில் ஒருவனாவது அச்சுவரை நினைந்து பின்வாங்கலாம்.

அந்நாள் வரும்வரை நம் கையில் உள்ளது சிறு பணியே. உண்மையென்று அறியாத செய்தியைப் பிறர்க்கு அனுப்பாதிருத்தல். நம் தெருவுக்குப் புதிதாய் வந்தவரின் பெயரைக் கேட்டறிதல். நம் பிள்ளைகளுக்கு நடுகல்லின் பெருமையைச் சொல்லும்போது, கல் பெறாது மாண்டவரின் கதையையும் சேர்த்துச் சொல்லுதல். எலையஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்சன், ஐசக் மக்கீ. 71 ஆண்டுகள் கல்லறையில் எழுதப்படாதிருந்த இப்பெயர்கள் இன்று தமிழிலும் எழுதப்பட்டுள்ளன. படிப்போர் ஒருமுறை வாய்விட்டுச் சொல்வாராக.